ஒரே நேரத்தில் இரண்டு தட்டு

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மதியம். தென்காசியில் ஒரு சின்ன வீட்டின் முன்னறை. சக்கர நாற்காலியில் மைதீன் உட்கார்ந்திருந்தார். நாற்காலியோடு பொருத்தியிருந்த கறுப்பு இயந்திரக் கை, தட்டிலிருந்து ஒரு கரண்டி சோற்றை அள்ளியது. குழம்பு சொட்டாமலிருக்கத் தட்டின் விளிம்பில் கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாக எழும்பி அவர் வாய்க்கு முன்னால் வந்து காத்திருந்தது.

அவர் வாயைத் திறக்கவில்லை.

எட்டு விநாடி ஆனதும் கரண்டி திரும்பிப் போய், சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டது. அந்த எட்டு விநாடியை அதற்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். வேண்டாம் என்கிற மனிதரை இயந்திரம் வற்புறுத்தக் கூடாது என்று சென்னையில் எங்கள் ஆய்வகத்தில் சண்டை போட்டு வைத்த கணக்கு அது. அன்றைக்கு அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பசிக்கலக்கா," என்றார் மைதீன். "காலைல நாலு இட்லி தின்னுட்டேன்லா. அதான்."

இரண்டு இட்லிதான். சம்சாத் ஊட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்தேன்.

அடுக்களை வாசலில் அவர் மனைவி சம்சாத் கையில் மீன் ஆணச் சட்டியோடு (குழம்பைத்தான் அந்த வீட்டில் ஆணம் என்பார்கள்) நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அது ஐந்தாவது நாள். ஐந்து நாளாக இதே கதைதான்.

ஊசி போடாத டாக்டர்

இந்தத் தொடரில் சென்ற வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "ரோபோ என்கிறீர்களே, அதற்குக் கண், மூக்கு, காது எல்லாம் உண்டா?" என்று கேட்டிருந்தார். இல்லை அம்மா. கை கால் அசைக்க முடியாதவர்கள் வீட்டுக்குள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள உதவும் கருவிகள் செய்வது என் தொழில். பெரும்பாலும் அவை பார்க்கச் சகிக்காது. முகம் எதுவும் வைப்பதில்லை. கேமரா ஒன்று இருக்கும், அவ்வளவுதான்.

என் சொந்த ஊரான தென்காசியில் என்னை டாக்டர் என்பார்கள். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள் என்று எங்கள் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்ததன் விளைவு. ஊருக்கு வந்தால் இரண்டு பேராவது முட்டிவலிக்கு மாத்திரை கேட்பார்கள். "நான் அந்த டாக்டர் இல்லை" என்றால், "அப்பொ எந்த டாக்டரு?" என்பார்கள். மிஷினுக்கு டாக்டர் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மறுநாள் ஒருவர் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் முதன்முதலாகச் செய்த ரோபோ தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது. வெளிநாட்டில் படித்தபோது செய்தது. அங்கே வழவழப்பான தரையில் மகாராணி மாதிரி நடந்துபோகும். அதை இங்கே ஒரு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அடுக்களை நிலைப்படியில் முட்டி நின்றது. பின்னால் போய் மறுபடி முட்டியது. அந்த வீட்டுக்கார அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தம்ளரை அதன் தலையிலிருந்து எடுத்துக் கணவருக்குக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். மூன்று வருட உழைப்பு, ஒரு நிலைப்படி உயரம் தாண்டவில்லை.

அதன்பிறகுதான் ஊட்டும் கைக்கு வந்தேன். இட்லி சுலபம். உப்புமா பரவாயில்லை. சோறும் குழம்பும் ஒன்றரை வருடம் எடுத்தது. பரோட்டாவை மட்டும் அதனால் பிய்க்க முடியவில்லை. செங்கோட்டைச் சாலையில் வாங்கிவந்த பரோட்டாவை அது ஆய்வகத்தில் முழுசாகத் தூக்கி ஒரு மாணவியின் மடியில் போட்டது. அந்தப் பாடத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

மைதீன் கேட்டது

மைதீன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். வேலையில் மாடியிலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே வலது மணிக்கட்டில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சம். அதை வைத்துத்தான் நாற்காலியின் பிடியைத் தள்ளி வீட்டுக்குள் நகர்வார். ஏழு வருடமாக இப்படி. ஒரே மகள் கல்யாணமாகிக் கணவனோடு வெளிநாட்டில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

எங்கள் கருவியை முதலில் சில வீடுகளில் மூன்று வாரம் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஒத்துப்போனால் அந்த வீட்டிலேயே விட்டுவிடுவோம். ஒத்துவராவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போகும். காத்திருப்போர் பட்டியல் நீளம். எந்த வீட்டிலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

வழக்கமாக, யார் தயவும் இல்லாமல் சாப்பிட வேண்டும் என்பார்கள். மைதீன் அப்படிச் சொல்லவில்லை.

"எனக்கு ஊட்டிட்டு, பாத்திரத்த கழுவிட்டு, பொறவு அவ அடுப்பாங்கரைல நின்னுக்கிட்டே தின்னுட்டு வருதா. ஏழு வருசமாச்சுக்கா, அவ சோறு திங்கத நான் பாத்து. நானும் அவளும் ஒரே நேரத்துல சாப்பிடணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

உள்ளேயிருந்து சம்சாத் குரல் கொடுத்தார்: "ஆமா, நான் திங்கதுதான் இப்பொ பெரிய காட்சி!"

நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு காரணத்தை யாரும் சொன்னதில்லை. இந்த வீட்டில் இது நடந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

ஐந்து நாளாக

தாடையால் ஒரு பித்தானை அழுத்தினால் கை அள்ளிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் கேமரா பார்த்து உள்ளே ஊட்டும். மைதீன் மெக்கானிக் அல்லவா, ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். "சத்தமே வரல. நல்ல மோட்டாரு," என்று சான்றிதழும் கொடுத்தார். என் மனசு குளிர இரண்டு வாய் சாப்பிட்டார். அதோடு நிறுத்திவிட்டார்.

அடுத்த நாள் வயிறு சரியில்லை என்றார். அதற்கடுத்த நாள் ஒரு வாய். பிறகு வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார். நான் வெளியே போன பிறகு சம்சாத் கையால் ஊட்டினால் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்பதும் தெரிந்தது.

எஃகுக் கரண்டியின் குளிர்ச்சி பிடிக்கவில்லையோ என்று ரப்பர் கரண்டி போட்டேன். வேகத்தைக் குறைத்தேன். கேமராவின் சிவப்பு விளக்குக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். சோற்றைக் குழைய வடிக்கச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை.

எங்கள் வீட்டை அண்ணன் விற்று ரொம்ப நாளாகிவிட்டதால் நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். சீசன் நேரம். நடைவழி முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய் வாடையும். பக்கத்து அறையில் ஒரு குடும்பம், எந்த அருவியில் கூட்டம் குறைவு என்று விடாமல் வாதாடிக்கொண்டிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து மைதீன் வாயை மூடிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சென்னையிலிருந்து குழுத் தலைவர் போன் செய்தார். "அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் விடுங்கள். அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடலாம்."

இன்னும் இரண்டு நாள் என்று கேட்டு வாங்கினேன்.

சம்சாத் வாசல்வரை வந்தார்

ஆறாவது நாள் நான் குடையை விரிக்கும்போது சம்சாத் வாசல்வரை வந்தார். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அக்கா, தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அது நொட்டாங்கையாலல்லா ஊட்டுது."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாற்காலியின் வலப்பக்கத்தில் அவர் ஓட்டும் பிடி இருக்கிறது. அதனால் இயந்திரக் கையை இடப்பக்கம் மாட்டியிருந்தோம். உலகம் முழுக்க அப்படித்தான் மாட்டுகிறார்கள். சோறு அவருக்கு இடது பக்கத்திலிருந்து, ஓர் இடது கையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். ஏனென்றால் நான் இடதுகைக்காரி. பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதியதற்கு ஸ்கேலால் விரல் முட்டியில் அடி வாங்கியிருக்கிறேன். கடைக்காரருக்கு இடது கையை நீட்டியதற்காக நடுத்தெருவில் அம்மா காதைத் திருகியிருக்கிறார். அதையெல்லாம் தாண்டி, ஸ்க்ரூடிரைவரையும் பேனாவையும் இதே கையில் பிடித்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கடைசியில் என் இயந்திரத்துக்குமா இந்தக் குற்றம்?

குடையை மடக்கிக்கொண்டு திரும்ப உள்ளே போனேன்.

"மைதீன், இது மிஷின். இதுக்கு எடதும் கெடையாது, வலதும் கெடையாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்லா?" குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிருந்தது.

சம்சாத் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"மிஷினுக்குக் கெடையாதுக்கா. எனக்குத் தெரியும், மோட்டார்ல கெடந்து வளந்தவன்தான நான். ஆனா அல்லா பேரச் சொல்லி பிஸ்மி ஓதிட்டு வாயத் தொறக்கேன், கண்ணு தன்னால எடப்பக்கம் போவுது. தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது." முகத்தை என் பக்கம் திருப்பினார். "எல்லாத்தையும் விட்டாச்சு. குளிக்கதுக்கு, வெளிக்குப் போறதுக்குன்னு எல்லாத்துக்கும் வெக்கத்த விட்டாச்சு. இது ஒண்ண வச்சுக்கிடுதேனே."

 ஆனாலும் கேட்டேன்: "இத மொத நாளே சொல்லிருக்கலாம்லா? ஆறு நாளு போயிட்டு."

அவர் என் இடது கையைப் பார்த்தார். "நீங்க நொட்டாங்கையால எழுதுதிய. டீயும் அந்தக் கையாலதான் குடிக்கிய. நான் இப்பிடிச் சொன்னா உங்க மனசு நோவும்லா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் மனசு நோகக் கூடாது என்பதற்காக அந்த மனிதர் ஆறு நாள், நான் கிளம்பும்வரை பசியோடு உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டு, பசிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

சோற்றுத் தட்டுக்கு முன்னால்

லாட்ஜுக்குப் போகும் வழியில் ஒரு மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். சோறு வந்தது, சாம்பார் ஊற்றினார்கள். பிசைந்து இரண்டு வாய் போட்ட பிறகுதான் என் கையைக் கவனித்தேன். வலது கை.

நாற்பது வருடமாக அம்மா சொன்ன எல்லாவற்றையும் மீறியிருக்கிறேன். எழுதுவது, பல் தேய்ப்பது, சாவி திருப்புவது என எல்லாம் இடது கைதான். சோற்றில் மட்டும் அந்தக் கையை நான் ஒருநாளும் வைத்ததில்லை. யாரும் பார்க்காத வெளிநாட்டு அறையில் தனியாகப் பிசைந்து சாப்பிட்டபோதும் வைத்ததில்லை. ஏன் என்று என்னை யாரும் கேட்டதுமில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

இதைக்கூட யோசிக்காமல்தான் இந்த ஊர்க்காரியான நான் இந்த ஊர் வீட்டுக்கு ஊட்டும் கை கொண்டுவந்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர் செய்திருந்தால் தெரியாத்தனம் என்று விட்டுவிடலாம். எனக்கு என்ன சாக்கு? சிரிப்பாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. பரிமாறிக்கொண்டிருந்தவர், "காரமாம்மா?" என்று கேட்டு மோர் ஊற்றிவிட்டுப் போனார்.

வலப்பக்கம்

மாற்றுவது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். வலப்பக்கம் ஓட்டும் பிடிக்கு வெளியே மாட்டினால் நாற்காலி அகலமாகி அறைக் கதவில் நுழையாது. ஓட்டும் பிடியை இடப்பக்கம் கொண்டுபோக முடியாது, அந்தக் கையில் அசைவு இல்லை. பக்கத்துத் தெருவில் கிரில் கேட் செய்யும் பட்டறைக்காரர் ஒருவரைப் பிடித்தேன். படம் வரைந்து காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. நேராக வீட்டுக்கு வந்து, மைதீனின் கையை ஒரு தடவை தூக்கிப் பார்த்து, நூல் பிடித்து அளந்துகொண்டு போனார். மறுநாள் மதியத்துக்குள் கழற்றி மாட்டும்படி ஒரு கொக்கி செய்து கொண்டுவந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கை வலப்பக்கம் ஏறும். முடிந்ததும் சம்சாத்தே கழற்றிச் சுவர் ஓரம் வைத்துவிடலாம்.

கைக்கு உள்ளே இருக்கும் புத்தியையும் மாற்ற வேண்டுமே. இடப்பக்கம் படித்ததையெல்லாம் அதற்குத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் மைதீனின் காதுக்கு ஊட்டப் பார்த்தது. பிறகு மூக்குக்கு வந்தது. வெறும் கரண்டிதான். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது.

எட்டாம் நாள் மதியம். சாளை மீன் ஆணம், சோறு, முட்டைக்கோஸ். சம்சாத் ஒரு தட்டை மைதீனுக்கு வைத்தார். இன்னொரு தட்டோடு அவருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார்.

மைதீன் உதடு அசைந்தது. பித்தானை அழுத்தினார். கை வலப்பக்கமிருந்து அள்ளி வந்தது. வாயைத் திறந்தார். சாப்பிட்டார். மறுபடி அழுத்தினார்.

சம்சாத் தன் தட்டைத் தொடவேயில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, நீ தின்னு. நீ தின்னாத்தான் நான் அமுக்குவேன்."

அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டார். மைதீன் அழுத்தினார். சம்சாத் இன்னொரு வாய் எடுத்தார். நான் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். வெளியே சாரல் கொஞ்சம் விட்டிருந்தது.

"ஏளா, என்ன ஒரு பக்கமாவே மெல்லுத?"

"ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிடுங்க."

"பல்லு வலிக்கா?"

 சம்சாத் மீன் முள்ளை எடுப்பதுபோல் தட்டைக் கிளறினார்.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஆஸ்பத்திரிக்குப் போ போன்னுவிய. அங்கன போனா வரிசைல உக்காரணும். மத்தியானம் உங்களுக்கு யாரு ஊட்டுவா?"

கரண்டி வந்து மைதீன் முன்னால் நின்றது. அவர் வாயைத் திறக்கவில்லை. எட்டு விநாடி ஆனதும் திரும்பிப் போனது. இந்தத் தடவை எனக்கு எரிச்சல் வரவில்லை.

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்?

"நாளைக்குப் போ," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நாளைக்கு மத்தியானம் நீங்க வந்து இருப்பியளா?"

துணைக்கு யாரும் இல்லை

மறுநாள் சம்சாத் தட்டை வைத்து, கையைக் கொக்கியில் மாட்டி, நான்கு தடவை சரி பார்த்துவிட்டு, அரை மனதோடு ஆட்டோவில் ஏறினார். நான் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். புரை ஏறினால் எழுந்து ஓட ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான்.

நான் எழவே வேண்டியிருக்கவில்லை. மைதீன் தனியாகச் சாப்பிட்டார். அரை மணி நேரம் ஆனது. இரண்டு தடவை சட்டையில் சிந்தினார். கடைசிப் பருக்கைகளைக் கரண்டி தட்டில் துரத்திக்கொண்டு திரிந்ததைப் பார்த்து, "புதுசா வேலைக்குச் சேந்த பய மாதிரி அலையுதே," என்றார்.

எங்கள் குறிப்பேட்டில், உணவின்போது ஊட்டிவிட ஆள் தேவைப்பட்டதா என்று ஒரு கட்டம் உண்டு. இல்லை என்று எழுதினேன். இத்தனை வருடத் தொழிலில் அந்தச் சொல்லை எழுதத்தான் உழைத்தேன். 

ஆட்டோ சத்தம் கேட்டது. சம்சாத் வந்தார். கன்னம் வீங்கி, உள்ளே பஞ்சு வைத்து, முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். என்னைக்கூடப் பார்க்காமல் நேராகத் தட்டின் பக்கம் போனார். காலியாக இருப்பதைக் கண்டு அப்படியே நின்றார்.

"இங்கன வா," என்றார் மைதீன். "வாயத் தொற. பாப்போம்."

சம்சாத் என் பக்கம் பார்த்துக் கூச்சப்பட்டார். பிறகு நாற்காலிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு வாயைத் திறந்தார். மைதீன் மணிக்கட்டால் பிடியைத் தள்ளினார். நாற்காலி ஒரு சாண் முன்னால் வந்தது. கழுத்து எவ்வளவு குனியுமோ அவ்வளவு குனிந்து, அவசரமே இல்லாமல் உள்ளே பார்த்தார்.

"ரெண்டு பல்லா புடுங்குனாக?"

பஞ்சோடு பேச முடியாமல் சம்சாத் இரண்டு விரலைக் காட்டினார்.

"வலிச்சுதா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"பொய்யி," என்றார் மைதீன்.

வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சம்சாத் சிரித்தார்.